அறைக்குள் ஒளி, நிழலுரு, அரூபம்: வாசகர் கேள்வி – பதில்

இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வீடுகளையும் கட்டடங்களையும் உட்புறத்திலிருந்து படமெடுப்பது பற்றியவை. ஆகவே இந்தப் பக்கங்கள் முழுவதும் அதற்கே ஒதுக்கப்படுகின்றன.

கேள்வி: எங்கள் பழைய வீட்டின் இரண்டாங்கட்டில், முற்றத்தைப் பார்த்த ஜன்னலுக்கு முன்னால் அம்மாவை நிற்கவைத்து நிழலுருவாக (உருவம் மட்டும் கறுப்பாகத் தெரியும்படி) எடுக்க முயல்கிறேன். ஆட்டோவில் எடுத்தால் முகம், சேலை, சுவரிலுள்ள காலண்டர் எல்லாமே மங்கலாகத் தெரிகின்றன. எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் ஒளியின் அளவை, குறைத்தால் நிழலுரு கிடைக்கிறது. ஆனால் பார்ப்பவர்கள் ‘ஜன்னலோரம் யாரோ நிற்கிறார்கள்’ என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுகிறார்கள். படம் அரூபமாக, அதாவது பொருள் உடனே பிடிபடாமல் வடிவங்களாகத் தெரிய, என்ன செய்ய வேண்டும்?
– காரைக்குடி வாசகர்

பதில்: நீங்கள் கேட்டிருப்பது இரண்டு கேள்விகள். முதலாவதற்குக் கணக்கிலேயே விடை இருக்கிறது. இரண்டாவதற்கு அவ்வளவு எளிதாக விடை சொல்ல முடியாது.

நல்ல வெயிலில் உள்ள பொருளை ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்திறன்) 100, அப்பர்ச்சர் (லென்ஸின் துளை) எஃப்/8 என்ற அமைப்பில் எடுக்க 1/500 விநாடி போதும். அதே அமைப்பில், ஜன்னலிலிருந்து தள்ளியிருக்கும் அறைச் சுவரை எடுக்க அரை விநாடி வரை தேவைப்படலாம். இரண்டுக்கும் இடைவெளி 8 ஸ்டாப் (ஒவ்வொரு ஸ்டாப்பும் ஒளியை இரட்டிப்பாக்கும்). அதாவது வெயில் பட்ட இடம் அறையைவிட 256 மடங்கு வெளிச்சமானது. ஆட்டோ இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு சமரசத்தைத் தேடுகிறது. நிழலுருவுக்கோ சமரசம் ஆகாது. ஒரு சிறு பகுதியின் ஒளியை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரிங்கில் உருவத்துக்குப் பின்னாலுள்ள வெளிச்சத்தை மட்டும் அளந்து, அந்த அளவுக்கு மேல் 1 அல்லது 1.5 ஸ்டாப் கூட்டி வையுங்கள். மீட்டர் தான் அளப்பது எதுவாயினும் அதை நடுத்தரச் சாம்பலாகவே கருதும் என்பதால், பின்னணி வெண்மையாக வருவதற்கு இந்தக் கூட்டல் தேவை. அடுத்து, அம்மாவின் சேலையில் உங்களை நோக்கியிருக்கும் பக்கத்தை அளந்து பாருங்கள். பின்னணிக்கும் அதற்கும் 5 ஸ்டாப்போ அதற்கு மேலோ வேறுபாடு இருந்தால் உருவம் கறுப்பாகவே பதியும். 3 ஸ்டாப் மட்டுமே இருந்தால், எக்ஸ்போஷரை எவ்வளவு இறக்கினாலும் பின்னணியும் கூடவே மங்குமே தவிர நிழலுரு கிடைக்காது.

அப்படி நேர்ந்தால் கேமராவை விட்டுவிட்டு அறையைக் கவனியுங்கள். செட்டிநாட்டு வீடுகளின் வழுவழுப்பான வெள்ளைச் சுண்ணாம்புச் சுவர்கள் ஜன்னல் வெளிச்சத்தை வாங்கி, நிற்பவரின் முகத்தின் மேலேயே திருப்பி அடிக்கின்றன. மற்றக் கதவுகளைச் சாத்தி, விளக்குகளை அணைத்து, கேமராவுக்குப் பின்னாலுள்ள சுவரில் ஒரு கறுப்புப் போர்வையைத் தொங்கவிட்டால் 1 அல்லது 2 ஸ்டாப் எளிதாகக் கிடைத்துவிடும். நீங்கள் வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாக எதிரில் நின்றால், நீங்களே ஒரு ரிஃப்ளெக்டராக வேலை செய்வீர்கள் என்பதையும் மறவாதீர்கள்.

இனி அரூபம். ஒரு படத்தைக் கண்டதும் நம் கண் முதலில் கேட்பவை: இது என்ன பொருள், எவ்வளவு பெரியது, எது மேல், எது கீழ்? உங்கள் படம் இவற்றுக்கெல்லாம் தயங்காமல் விடை சொல்லிவிடுகிறது. ஜன்னலின் நான்கு மூலைகளும் படச்சட்டத்துக்குள் இருக்கின்றன, மனித உருவம் தலை முதல் கால் வரை தெளிவாக இருக்கிறது, தரை கீழே இருக்கிறது. பிறகு பார்ப்பவருக்கு அங்கே தங்க என்ன காரணம்?

நிழலுரு எடுப்பவர்களுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் அறிவுரை, உருவங்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் பிரித்து நிறுத்துங்கள் என்பது. அடையாளம் தெரியவேண்டிய படத்துக்கு அது சரி. அரூபத்தை நாடுபவர் அதற்கு நேர்மாறாகச் செய்ய வேண்டும். அம்மாவின் முதுகு ஜன்னலின் நிலைச்சட்டத்தோடு ஒட்டட்டும். கூந்தல் மேல்விட்டத்தின் இருளோடு சேரட்டும். கறுப்பும் கறுப்பும் கலந்த இடத்தில் எங்கே மனிதர் முடிகிறார், எங்கே மரம் தொடங்குகிறது என்பது தெரியாது. அந்தக் கலப்பிலிருந்து புதிய வடிவம் ஒன்று பிறக்கும். கூடவே, ஜன்னலின் இரண்டு விளிம்புகளையாவது சட்டத்துக்கு வெளியே தள்ளுங்கள். பிறகு வியூஃபைண்டரில் கறுப்பைப் பார்க்காமல், எஞ்சியிருக்கும் வெள்ளைத் துண்டுகளை மட்டும் பார்த்துக் கட்டமையுங்கள். முழங்கைக்கும் இடுப்புக்கும் இடையிலுள்ள ஒரு வெள்ளை முக்கோணம், கம்பிகளுக்கு இடையிலுள்ள நீண்ட பட்டைகள் ஆகியவைதாம் இப்போது உங்கள் படத்தின் பொருள்.

இந்த வழியில் மிகப் பழைய உதாரணங்களுள் ஒன்று, அமெரிக்கரான பால் ஸ்ட்ராண்ட் 1916-இல் கனெக்டிகட் மாநிலத்தின் ட்வின் லேக்ஸில் எடுத்தது. வீட்டு வராந்தாவின் கிராதி நிழல் ஒரு வட்ட மேசையின் மேல் விழுகிறது. படத்தில் இருப்பது அவ்வளவே. ஆனால் மேசை நிமிர்ந்து நிற்கவில்லை, வராந்தாவின் எல்லை தெரியவில்லை, நிழலை உண்டாக்கிய கிராதியும் முழுதாகக் காட்டப்படவில்லை. பட்டைகளும் ஒரு வளைவும் மட்டும் முதலில் கண்ணில் படுகின்றன. மேசை பிறகுதான் தெரிய வருகிறது. அந்தத் தாமதத்தைத்தான் உங்கள் படத்திலும் உண்டாக்க வேண்டும். தாமதம் முடிவற்றதாகிவிட்டால் அது வேறு வகைப் படம். அது ஓர் அறை என்பதற்கு ஒரே ஒரு தடயத்தையாவது, ஒரு கொண்டியையோ ஒரு கம்பியின் முனையையோ, விட்டுவைப்பது நல்லது என்பது என் கருத்து. இதை ஏற்காதவர்களும் உண்டு.

கேள்வி: கைப்பேசியில் இத்தகைய படங்கள் சாத்தியமா?
– விழுப்புரம் வாசகி

பதில்: சாத்தியம்தான், ஆனால் கைப்பேசியின் விருப்பத்துக்கு எதிராக நீங்கள் போராட வேண்டியிருக்கும். இன்றைய கைப்பேசிகள் ஒரே அழுத்தலில் பல படங்களை எடுத்து, இருண்ட பகுதிகளை வெளிச்சமாக்கி ஒன்றாகக் கோக்கின்றன. அதாவது நீங்கள் மறைக்க நினைப்பதையெல்லாம் அவை பொறுப்புடன் காட்டிக்கொடுக்கின்றன. இப்படிக் கோக்கும் எச்.டி.ஆர். வசதியை அணைக்க முடிந்தால் அணைத்துவிடுங்கள். திரையில் வெளிச்சமான பகுதியைத் தொட்டு அழுத்திப் பிடித்து அளவைப் பூட்டி, பிறகு விரலைக் கீழே இழுத்து வெளிச்சத்தைக் குறையுங்கள். ப்ரோ முறையும் (அளவுகளை நாமே வைப்பது) ரா கோப்பும் (கைப்பேசி திருத்தாத மூலப்பதிவு) உள்ள கைப்பேசி என்றால் அவற்றையே பயன்படுத்துங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டு மாடிப்படிச் சுவரில் பழைய சிமெண்ட் ஜாலி இருக்கிறது. காலை வெயிலில் அதன் நிழல் படிகளில் விழும்போது எடுக்கிறேன். ஜாலியை ஒட்டிய படிகளில் நிழல் கத்தியால் வெட்டியதுபோல் இருக்கிறது. தள்ளியுள்ள படிகளில் கலங்கிப்போகிறது. எஃப்/11 வைத்தும் இப்படித்தான். லென்ஸில் குறையா?
– திருநெல்வேலி வாசகர்

பதில்: லென்ஸில் குறையில்லை. உங்கள் படியில் உள்ள நிழலே அப்படித்தான் இருக்கிறது. லென்ஸ் அதை உள்ளபடி பதிந்திருக்கிறது.

சூரியன் ஒரு புள்ளி அல்ல. வானத்தில் ஏறத்தாழ அரை டிகிரி அகலமுள்ள வட்டு. ஆகவே எந்த விளிம்பின் நிழலுக்கும் மங்கலான ஓரம் ஒன்று இருக்கும். அதன் அகலம், விளிம்புக்கும் நிழல் விழும் பரப்புக்கும் உள்ள தூரத்தில் சுமார் 108-இல் ஒரு பங்கு. ஜாலியிலிருந்து 50 செ.மீ. தொலைவிலுள்ள படியில் அந்த ஓரம் 5 மி.மீ.கூட இருக்காது, 3 மீட்டர் தள்ளியுள்ள படியிலோ ஏறத்தாழ 28 மி.மீ. இருக்கும். வெயில் படியின் மேல் சாய்வாக விழுந்தால் இன்னும் அகலும். 1 செ.மீ. கனமுள்ள கம்பி ஒன்றின் நிழலில், 1 மீட்டருக்குச் சற்று அப்பால் போனதும் முழு இருளே இருக்காது. வெறும் சாம்பல் கோடுதான் மிஞ்சும்.

இதே காரணத்தால், துளை சிறிதாகவும் தூரம் அதிகமாகவும் இருந்தால் துளையின் வடிவம் மறைந்து சூரியனின் வடிவமே விழும். ஓட்டு வீட்டில் ஓடுகளின் இடுக்கு வழியாகத் தரையில் விழும் வெளிச்சம் வட்டமாக இருப்பது அதனால்தான்; இடுக்கு எந்த வடிவத்தில் இருந்தாலும் கீழே விழுவது சூரியனின் பிம்பம். 2019 டிசம்பர் 26 அன்று திண்டுக்கல், கோவைப் பகுதிகளில் கங்கண சூரிய கிரகணம் தெரிந்தபோது, இத்தகைய துளைகளின் கீழே வட்டங்களுக்குப் பதில் வளையங்கள் விழுந்திருக்கும்.

இதை எப்படிப் பயன்படுத்துவது? கூர்மையான நிழலும் கலங்கிய நிழலும் ஒரே படத்தில் சேர்ந்திருந்தால், பார்ப்பவருக்கு அது ஆழத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். மாடிப்படி மாடிப்படியாகவே தெரியும். ஆழத்தை மறைக்க வேண்டுமானால் ஒரு வகையை மட்டும் தேர்ந்துகொண்டு, நீண்ட ஃபோக்கல் லென்ஸால் அந்தப் பகுதியை மட்டும் வெட்டி எடுங்கள். கூர்மையான பகுதி அழகான கோலம் ஒன்றைத் தரும், ஆனால் ஜாலி உடனே பிடிபட்டுவிடும். மிகக் கலங்கிய பகுதியில் பிடிக்க எதுவுமே இருக்காது. நான் தேடுவது இரண்டுக்கும் நடுவே, கம்பியின் முழு இருள் மறையத் தொடங்கும் இடத்தை. அங்கே நிழல் தன் மூலத்தை விட்டு விலகிவிட்டது, ஆனாலும் ஒழுங்கை இன்னும் இழக்கவில்லை. படிகளின் விளிம்புகள் அந்தப் பட்டைகளை மடித்து மடித்துப் போடுவதையும் கவனியுங்கள். பட்டைகள் திசைமாறும் இடங்கள் எல்லாம் உங்களுக்குக் கிடைக்கும் இலவசக் கோணங்கள்.

நேரத்தைப் பற்றியும் ஒரு சொல். சூரியன் மணிக்கு 15 டிகிரி நகர்கிறது. 3 மீட்டர் தொலைவில் விழும் நிழல் நிமிடத்துக்கு 1 செ.மீ.க்கும் மேல் இடம்பெயரும். ஆகவே நிழலைத் துரத்தாதீர்கள். அது வந்து சேரப்போகும் இடத்தில் முன்னதாகவே கேமரா முக்காலியை நிறுத்திச் சட்டத்தை அமைத்துக்கொண்டு காத்திருங்கள். பருவமும் முக்கியம். நம் பகுதியில் சூரிய உதயம் நேர்கிழக்கிலிருந்து தெற்கே ஏறத்தாழ 24 டிகிரியும் வடக்கே அதே அளவும் நகர்வதால், மார்கழிக் காலையில் பார்த்த நிழல் ஆனியில் அந்தச் சுவரில் இருக்காது. கோடையின் உச்சநாளான ஜூன் 21-க்கு முன் ஒரு நாளில் தவறவிட்ட கோணம், அதே அளவு நாள்கள் கழிந்த பின் மறுபடி வரும்; மே மாத இறுதியில் கைவிட்டதை ஜூலை நடுவில் மேகம் அனுமதித்தால் பிடிக்கலாம்.

நகர்வையே பொருளாக்கியவர்களும் இருக்கிறார்கள். பெர்லினில் பிறந்து லாஸ் ஏஞ்சலிஸில் வாழும் உட்டா பார்த் 2011-இல் செய்த தொடரில், வீட்டுத் திரைச்சீலையின் மேல் விழும் ஒரு வெயில் கோடு படத்துக்குப் படம் மெல்ல அகன்றுகொண்டே போகிறது. அறையில் வேறு எதுவும் நிகழ்வதில்லை.

கேள்வி: சண்டிகரின் பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் சிலவற்றில் பாதிப் படம் வெறும் கறுப்பாகவே இருக்கிறது. இன்று அப்படி எடுத்தால் ‘அண்டர் எக்ஸ்போஸ் ஆகிவிட்டது’ என்கிறார்கள். அவற்றை எடுத்தவர் யார், எப்படி எடுத்தார்?
– சென்னை வாசகர், கட்டடக்கலை மாணவர்

பதில்: நீங்கள் குறிப்பிடும் படங்கள் பெரும்பாலும் லூசியான் ஹெர்வே எடுத்தவையாக இருக்க வேண்டும். 1910-இல் ஹங்கேரியில் லாஸ்லோ எல்கான் என்ற பெயரில் பிறந்து, பாரிஸில் வாழ்ந்து, 2007-இல் மறைந்தவர். 1949-இல் மார்செய்ல் நகருக்குப் போய், கட்டப்பட்டுக்கொண்டிருந்த, கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியேயின் குடியிருப்பைப் பார்த்துவிட்டு ஒரே நாளில் 650 படங்கள் எடுத்தார். அவற்றைக் கண்ட லெ கொர்பூசியே, கட்டடக் கலைஞருக்கு உரிய ஆன்மா இவரிடம் இருக்கிறது என்று எழுதி, 1965-இல் தாம் மறையும் வரை அவரையே தம் ஒளிப்படக் கலைஞராக வைத்துக்கொண்டார். லெ கொர்பூசியே கட்டடங்கள் வடிவமைத்த சண்டிகருக்கும் அகமதாபாத்துக்கும் 1955-இல் ஹெர்வே வந்தார்.

அவருக்கு இரண்டு விஷயங்கள் துணைநின்றன. ஒன்று, அந்தக் கட்டடங்களே வெயிலைத் தடுத்து வெட்டுவதற்காக அமைக்கப்பட்டவை. அகமதாபாத்தில் சாபர்மதி ஆற்றங்கரையிலுள்ள ஆலை உரிமையாளர் சங்கக் கட்டடத்தின் மேற்கு முகப்பில் கான்கிரீட் வெயில்தடுப்புகள் சாய்வாக நிற்கின்றன. உள்ளேயிருந்து பார்த்தால் வெளிச்சம் முழுதாக வராமல் துண்டுகளாகவே வரும். கட்டடக் கலைஞர் ஒளியை வெட்டிவைத்திருக்கும் இடத்தில், ஒளிப்படக்காரர் அந்த வெட்டைப் பின்தொடர்ந்தாலே பாதி வேலை முடிந்துவிடும். மற்றொன்று, கத்தரிக்கோல். ஹெர்வே தம் படங்களைத் தயக்கமின்றி நறுக்கினார். ஓரத்தில் எஞ்சியிருந்த வானத்தையும் தரையையும், கண்ணுக்குத் துணைசெய்யும் தேவையற்ற விவரங்களையும் வெட்டி எறிந்து, ஒரு சாய்கோட்டையும் ஒரு கறுப்புப் பரப்பையும் மட்டும் விட்டுவைத்தார். கேமராவிலேயே சட்டம் முழுமையடைய வேண்டும், பின்னர் வெட்டுவது குற்றம் என்று நம்மில் பலர் பிடிவாதமாக நம்புகிறோம். ஹெர்வேயின் படங்களைப் பார்த்த பிறகும் அந்த நம்பிக்கையில் நிற்பது கடினம்.

‘அண்டர் எக்ஸ்போஸ்’ என்ற குற்றச்சாட்டுக்கு ஒரு சோதனை இருக்கிறது. படத்தின் வெளிச்சப் பகுதியில், வெயில் பட்ட கான்கிரீட்டின் சொரசொரப்பும் அதை வார்த்த பலகை அச்சின் தடமும் சரியான பிரகாசத்தோடு தெரிகின்றனவா என்று பாருங்கள். தெரிந்தால் எக்ஸ்போஷர் சரி. கறுப்பு வேண்டுமென்றே வைக்கப்பட்டது. வெளிச்சப் பகுதியும் மங்கிச் சாம்பலாகியிருந்தால் உங்கள் நண்பர்கள் சொல்வது நியாயமே.

கேள்வி: பத்மநாபபுரம் அரண்மனையின் கறுப்புத் தரையில் ஜன்னல் கிராதிகள் பிரதிபலிப்பதை எடுத்தேன். கண்ணுக்குத் தெரிந்த தெளிவு படத்தில் இல்லை.
– நாகர்கோவில் வாசகி

பதில்: தக்கலைக்கு அருகிலிருக்கும் அந்த அரண்மனை, இந்தப் பொருளைக் கற்க விரும்புபவருக்குக் கிடைத்தற்கரிய இடம். மரக்கிராதிகள் வெயிலைச் சன்னமாக வடித்து உள்ளே விடுகின்றன. கண்ணாடிபோல் மெருகேறிய கருந்தரை அதை மறுபடியும் காட்டுகிறது. சுண்ணாம்பு, சுட்ட தேங்காய்ச் சிரட்டைக் கரி, முட்டை வெள்ளைக்கரு முதலியவை கலந்து போட்டது என்று அந்தத் தரையைப் பற்றிச் சொல்வார்கள்.

தெளிவு குறைந்ததற்குப் பெரும்பாலும் ஃபோக்கஸே காரணம். பிரதிபலித்த ஜன்னல் தரையில் இல்லை. ஒளியியல்படி, கேமராவிலிருந்து தரைக்கும் தரையிலிருந்து ஜன்னலுக்கும் உள்ள தூரங்களின் கூட்டுத்தொலைவில் அது இருக்கிறது. ஆட்டோஃபோக்கஸ் தரையிலுள்ள தூசியையும் கீறல்களையும் பிடித்துக்கொண்டுவிடும். ஃபோக்கஸை மேனுவலுக்கு மாற்றி, அசல் ஜன்னலின் மேலேயே வையுங்கள். தரைத்தூசி தானாக மங்கி மறையும். அடுத்து, கேமராவைத் தாழ்த்துங்கள். பார்வைக் கோணம் எவ்வளவு சாய்வாகிறதோ, மெருகிட்ட பரப்பு அவ்வளவு அதிகமாகப் பிரதிபலிக்கும். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு உடனே புரியும். போலரைசர் (பளபளப்பைக் குறைக்கும் வடிகட்டி) மாட்டியிருந்தால் கழற்றிவிடுங்கள். அது நீங்கள் தேடிவந்த பிரதிபலிப்பையே விழுங்கிவிடும்.

அரூபத்துக்கு இங்கே எளிய வழி, அசல் ஜன்னலைச் சட்டத்துக்கு வெளியே விட்டு, பிரதிபலிப்பை மட்டும் எடுப்பது. முக்காலியை உள்ளே அனுமதிப்பார்களா என்பதை வாயிலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை விடுமுறை.

கேள்வி: ஜன்னல் வழியே வரும் ஒளிக்கற்றை தூண்போலத் தெரிய சாம்பிராணிப் புகை போடலாமா?
– தஞ்சாவூர் வாசகர்

பதில்: போடலாம், ஆனால் கொஞ்சமாக. காற்றில் துகள் இருந்தால்தான் ஒளிக்கற்றை கண்ணுக்குத் தெரியும். நுண்துகள்கள் ஒளியை அது செல்லும் திசையிலேயே அதிகம் சிதறடிக்கும் என்பதால், ஜன்னலைப் பக்கவாட்டில் பார்ப்பதைவிட ஏறக்குறைய எதிர்நோக்கி நின்று எடுத்தால் கற்றை பிரகாசமாக வரும். பின்னணி இருண்டிருக்க வேண்டும். புகை சுருள்சுருளாக இருக்கும்போது எடுக்காதீர்கள். அது பரவி அறை முழுவதும் சீராகும் வரை பொறுத்தால்தான் கற்றைக்கு நேரான விளிம்பு கிடைக்கும். ஒன்றைச் சொல்ல வேண்டும்: இந்த உத்தி மிக விரைவில் பழகிப்போய்விடுகிறது. இப்போது பார்க்கும் ஒவ்வொரு கல்யாண ஆல்பத்திலும் புகை இருக்கிறது.

கேள்வி: அரூபப் படங்களுக்குக் கறுப்பு வெள்ளைதான் ஏற்றதா?
– சேலம் வாசகி

பதில்: கட்டாயமில்லை. வெயில் பட்ட பகுதியின் மஞ்சளும் நிழலுக்குள் வரும் வானத்தின் நீலமும் ஒன்றையொன்று எதிர்த்து நின்றால் வண்ணத்திலேயே விடுங்கள். வண்ணம் ‘இது பிளாஸ்டிக் நாற்காலி’, ‘இது பெயிண்ட் அடித்த கதவு’ என்று பொருளை அடையாளம் காட்டுகிறது என்றால் நீக்கிவிடுங்கள்.

கேள்வி: நான் தொழில்முறையில் வீட்டு உள்ளலங்காரப் படங்கள் எடுக்கிறேன். இவ்வகைப் படங்களைக் கட்டடக் கலைஞர்களிடம் கொடுக்கலாமா? அச்சில் கறுப்பு வெளுத்துப்போவதும் ஒரு பிரச்சினை.
– கோயம்புத்தூர் வாசகர்

பதில்: கொடுக்கலாம், ஆனால் கேட்டதைக் கொடுத்த பிறகு. உங்களை அமர்த்தியவருக்கு அறையின் அளவு, பொருள்களின் இடம், சுவரின் நிறம் ஆகியவை நேர்மையாகத் தெரியும் படங்கள் முதலில் தேவை. அந்த வேலையை முடிக்காமல் பாதி இருட்டான படங்களை நீட்டுவது அவர் நேரத்தை மதியாத செயல். முடித்த பின், அதே நாளில் வெயில் நன்றாக விழும் வேளைக்காக ஒரு மணி நேரம் கூடுதலாக இருந்து, இரண்டு மூன்று அரூபப் படங்களைச் சேர்த்துக் கொடுங்கள். தம் ஜன்னலை ஏன் அந்த உயரத்தில் வைத்தோம் என்பதை யாரோ ஒருவர் புரிந்துகொண்டார் என்ற மகிழ்ச்சி பல கட்டடக் கலைஞர்களுக்கு இருக்கும். தொகுப்பின் முதல் பக்கத்துக்கு அவர்கள் அவற்றையே தேர்ந்தெடுத்தாலும் வியப்பில்லை.

அச்சைப் பொறுத்தவரை, மேட் தாள் பளபளப்புத் தாள் அளவுக்கு ஆழமான கறுப்பைத் தாங்காது. பெரிய கறுப்புப் பரப்புள்ள படங்களுக்குப் பளபளப்புள்ள அல்லது பரைட்டா (பேரியம் சல்பேட் பூச்சுள்ள) வகைத் தாளைக் கேட்டு வாங்குங்கள். அச்சகம் தரும் வண்ண ப்ரொஃபைலை (அந்தத் தாளில் வண்ணம் எப்படி வரும் என்று காட்டும் கோப்பு) கொண்டு திரையிலேயே முன்னோட்டம் பார்த்து, முழுப்படத்தை அச்சிடும் முன் கறுப்பும் வெள்ளையும் சந்திக்கும் ஒரு துண்டை மட்டும் சோதனையாக அடித்துப் பாருங்கள். கண்ணாடி போட்ட சட்டத்தில் மாட்டப்போகிறீர்கள் என்றால் பிரதிபலிப்பு குறைந்த கண்ணாடியைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் கறுப்புப் பகுதியில் எதிரிலுள்ள டியூப் லைட்தான் தெரியும்.